அரிசிக் கடைக்காரிக்கு ஒரு பேணி அரிசி

எழுதப் பழகாத ஒருத்தி எழுதுகிறேன். முதலில் அதற்கு மன்னிக்க வேண்டும். நான் மன்னாரில் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் வீட்டுக்குப் போட்ட கடிதங்களும் பீப்பாய்களின் மேல் எழுதிய பெயர்களும்தான். இங்கே ரொறொன்ரோவில் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் தமிழ் மலருக்கு, ஓய்வு பெற்றவர்கள் தங்கள் வேலையைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். தாதியாக இருந்தவர் எழுதியிருக்கிறார். வங்கியில் இருந்தவர் எழுதியிருக்கிறார். நான் பீப்பாய் அடுக்கியவள். என்னால் முடியாது என்று சொன்னேன். மலர்க்குழுவில் இருக்கும் யூட் அண்ணை விடவில்லை.

"றீற்றா, நீர் வேலை செய்த இடம் இப்ப ஜிம்மாப் போச்சு. கண்ணாடிக்கு முன்னால நிண்டு ஓடுறாங்கள். அங்க முந்தி என்ன நடந்தது எண்டு இனி ஆர் சொல்லுறது?"

"எனக்கே சரியா விளங்கேல்லை அண்ணை."

"விளங்காததை எழுதும். விளங்கினதைத்தான் எல்லாரும் எழுதீனம்."

இன்னொன்றுக்கும் மன்னிக்க வேண்டும். நான் எழுதப் போவது பாதிக்கு மேல் ஒரு ஊரைப் பற்றி. கரிபியன் கடலில் ஒரு தீவில் உள்ள சின்ன ஊர். போர்ட் செலின் என்று பெயர். அதை நான் கண்ணால் கண்டதில்லை.

வேலை கிடைத்த விதம் இது. என் கணவருக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துக்குக் கிட்ட வேலை. வீட்டிலிருந்த ஒரே காரை அவர் கொண்டுபோய்விடுவார். பஸ்ஸில் போகக்கூடிய இடத்தில் எனக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. தமிழ்ப் பூசைக்கு முன்னால் நடக்கும் இங்கிலிஷ் பூசைக்கு வரும் ஒரு கறுப்பினப் பெண்மணி, உயரமானவர், எப்போதும் தொப்பி போட்டிருப்பார், ஒருநாள் வாசலில் என்னை மறித்தார்.

"நீ கயானாவோ?"

"இல்லை. சிறிலங்கா."

"எங்கட மாதிரி அதுவும் தீவுதானே. வேலை வேணுமெண்டா நாளைக்கு வா."

கயானாவில் எங்கள் முகச்சாயலில் இந்திய வம்ச ஆட்கள் நிறைய என்று பிறகுதான் அறிந்தேன். அவர்தான் மிஸ் ஐவி. கரிபியன் ஆட்கள் மூத்தவர்களைப் பெயருக்கு முன்னால் மிஸ் போட்டுத்தான் கூப்பிடுவார்கள், கலியாணம் முடித்திருந்தாலும். அவர் பேசியது அவர்களுடைய இங்கிலிஷ். முதல் வருடம் அதில் பாதிதான் எனக்குப் பிடிபட்டது. இங்கே எனக்குக் கேட்ட மாதிரி, எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

அவருடைய பீப்பாய் டிப்போ மில்லிக்கனில் இருந்தது. ஸ்ரீல்ஸ் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பிளாசா, முன்பக்கம் கொத்துரொட்டிக் கடை, பின்பக்கம் எங்கள் பெரிய கதவு. ரொறொன்ரோவில் இருக்கும் கரிபியன் ஆட்கள் ஊருக்குப் பீப்பாயில் சாமான் அனுப்புவார்கள். இடுப்புக்கு மேல் வரும் நீலப் பிளாஸ்ரிக் பீப்பாய், அவர்கள் பரல் என்பார்கள். வெயில் காலத்தில் ஒன்றை வாங்கி, ஊரில் அது போய்ச் சேர வேண்டியவரின் பெயரை மூடியில் எழுதி எங்கள் டிப்போவில் வைத்துவிடுவார்கள். பிறகு கடைகளில் மலிவு விற்பனை வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிக் கொண்டுவந்து போடுவார்கள். ஒக்ரோபர் கடைசியில் கப்பலுக்குப் போனால் கிறிஸ்மசுக்கு ஊர் போய்ச் சேரும். மிஸ் ஐவி பல தீவுகளுக்கும் அனுப்புவார். ஆனால் அவருடைய சொந்த ஊர் போர்ட் செலின் என்றபடியால் அந்த ஊர் ஆட்கள் எல்லாரும் எங்களிடம்தான் வருவார்கள்.

நான் வேலை பழகியதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஒரு வருடம் பிழை விட்டேன், அவர் திருத்தினார். என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது சேர்ந்தேன். அவர்கள் வேலைக்குப் போய்விட்ட பிறகும் அங்கேதான் நின்றேன்.

ஆனால் அடுக்கும் முறையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. பீப்பாய்க்கு மூலை இல்லை. அதுதான் முதல் தொல்லை. பெட்டி அடுக்கிப் பழகினவர்கள் பீப்பாய்க்குள் காற்றைத்தான் அனுப்புவார்கள் என்று மிஸ் ஐவி சொல்லுவார். முதலில் உள்ளே ஒரு தடித்த பிளாஸ்ரிக் பையை விரிக்க வேண்டும். அடியில் பாரமான தகர ரின் சாமான். அதற்கு மேல் எண்ணெய்ப் போத்தல்கள், மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, நடுவில் நிமிர்த்தி. இடைவெளிக்குள் அரிசி. பெரிய சாக்காக இல்லை, சின்னச் சின்னப் பைகளாக. அது எந்த இடைவெளிக்குள்ளும் தலையணை மாதிரி நுழையும். சப்பாத்துக்குள் காலுறை, காலுறைக்குள் மிளகு. சவர்க்காரத்தைத் துவாயில் சுற்றி அரிசிக்கு எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும். கப்பலில் கொள்கலனுக்குள் வெக்கை. சவர்க்காரம் கிட்ட இருந்தால் அரிசி அந்த வாசத்தைக் குடித்துவிடும், பிறகு எத்தனை தரம் கழுவினாலும் போகாது.

அடுக்கி முடிந்ததும் மிஸ் ஐவி வருவார். தொப்பியைக் கழற்றி என் கையில் தருவார். பீப்பாயில் காதை வைத்து இரண்டு கையாலும் அதை ஆட்டுவார். உள்ளே ஏதாவது நகர்ந்தால் ஒன்றும் பேசமாட்டார். தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவார். அப்படியென்றால் எல்லாவற்றையும் கொட்டித் திரும்ப அடுக்க வேண்டும் என்று அர்த்தம். சத்தம் இல்லையென்றால் தொப்பியை வாங்கி என் தலையில் ஒருதரம் வைத்து எடுப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் அதற்காகவே கவனமாக அடுக்கினேன் என்று நினைக்கிறேன்.

மூடி போடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு பேணி வைப்போம். வெள்ளை இனாமல் பேணி, விளிம்பு நீலம், எங்கள் வீடுகளில் அரிசி அளக்கும் சுண்டை விடக் கொஞ்சம் பெரிது. அதை டிப்போவே இலவசமாகக் கொடுக்கும். போர்ட் செலினில் பீப்பாய் திறந்த வீட்டார் முதல் வேலையாக அந்தப் பேணியால் அரிசி அள்ளி, தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பேணி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மற்ற வீடுகளுக்குப் பீப்பாய் வரும்போது அவர்கள் இவர்களுக்குக் கொடுப்பார்கள். எல்லா வீட்டிலும் அரிசி இருக்கும், எல்லாரும் எல்லாருக்கும் அரிசி கொடுப்பார்கள். இது எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். "குடுக்காட்டி?" என்று மட்டும் மிஸ் ஐவி திருப்பிக் கேட்டார்.

அவர் அடுக்கும்போதுதான் கதைப்பார். அப்படித் துண்டு துண்டாகத்தான் அந்த ஊரின் கதை எனக்குத் தெரியும்.

ஒரு குடா, ஒரு இறங்குதுறை, அங்கிருந்து மாதா கோயிலுக்கு ஏறும் ஒரு தெரு. மலையில் இடிந்த புகைபோக்கி ஒன்று. முந்தி அங்கே சீனி ஆலை இருந்தது. ஆபிரிக்காவில் இருந்து பிடித்துக் கொண்டுவந்த அடிமைகளை வைத்து வெள்ளைக்காரர் கரும்பு செய்த இடம். அடிமைத்தனம் சட்டப்படி முடிந்த பிறகும் அதே கரும்பு, அதே துரை, கொஞ்சக் கூலி. பிறகு சீனிக்கு விலை விழுந்து ஆலை பூட்டப்பட்டது. துரைமார் போனார்கள். சனங்கள் காணியைத் துண்டு துண்டாக எடுத்து மலைச்சரிவில் வாழை நட்டார்கள். கிழமைக்கு ஒருமுறை இங்கிலாந்துக்குப் போகும் கப்பல் குடாவில் வந்து நிற்கும். பெண்கள் வாழைக்குலையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்குதுறைக்கு வரிசையாக இறங்குவார்கள். மிஸ் ஐவியும் சின்ன வயதில் சுமந்திருக்கிறார். ஒரு காயில் சின்னக் கறுப்புக் காயம் இருந்தாலும் துறையில் நிற்கும் ஆள் குலையைத் திருப்பி அனுப்பிவிடுவான். திரும்பி வந்த குலையை அவித்துச் சாப்பிடுவார்கள். வாழைக்காய் நாள் பின்னேரம் தெரு முழுக்கச் சனம், புதுத் துணி, கருவாடு, பாட்டு. அந்த ஒரு நாளை நம்பித்தான் அவருடைய தகப்பன் கடை திறந்தாராம்.

பிறகு எங்கேயோ பெரிய நாடுகள் கூடிப் பேசினார்கள். இங்கிலாந்து இனி இந்தத் தீவுகளிடம் மட்டும் சலுகையாக வாங்க முடியாது என்று ஆனது. வேறு நாடுகளில் பெரிய தோட்டங்கள் மலிவாக விற்றன. கப்பல் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்தது. பிறகு வரவில்லை. இளம் ஆட்கள் ரொறொன்ரோ வந்தார்கள். ஒரு புயல் இறங்குதுறையில் பாதியைக் கொண்டுபோனது. உல்லாசக் கப்பலுக்குக் குடா ஆழம் காணாது.

"தூரத்தில போகேக்க லைற் தெரியும். பெரிய கலியாண வீடு மாதிரி. எங்களுக்கு அழைப்புக் காட் தரேல்லை" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் பீப்பாய்க்குள் சீனிப் பை வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் திடீரென்று குழம்பியது. "மிஸ் ஐவி, சீனி செய்த ஊருக்கு ஏன் சீனி அனுப்புறம்?"

"ஆலை பூட்டின நாள் அப்பா தெருவில நிண்டு பாடினவராம். வாழைக்காய்க் கப்பல் நிண்ட நாள் அழுதவர். நான் பாத்தனான்."

"அப்ப சீனி நல்லதோ, வாழைக்காய் நல்லதோ?"

"பரலை ஆட்டு பாப்பம்" என்றார்.

தகப்பனின் கடை இன்னும் இருந்தது. மிஸ் ஐவியின் தங்கை அக்னெஸ் அதை நடத்தினார். ஊரில் மிஞ்சியிருந்த ஒரே கடை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து இரண்டு பேரும் ரெலிபோனில் கதைப்பார்கள். கடை எப்படி என்று மிஸ் ஐவி கேட்பதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அக்னெஸ் முதன்முதலாகக் கனடா வந்தது ஒரு ஒக்ரோபரில். எங்களுக்கு மூச்சு விட நேரமில்லாத மாதம். அக்காவின் குளிர்கோட் ஒன்றைப் போட்டு, கைவிரல் கூட வெளியே தெரியாமல் டிப்போவுக்குள் வந்தார். சின்ன உருவம், பெரிய குரல். என்னைப் பார்த்ததும், "நீ கயானாவோ?" என்றார். பிறகு பீப்பாய் வரிசைக்குள் நடந்து மூடிகளில் உள்ள பெயர்களை உரத்து வாசிக்கத் தொடங்கினார்.

"றோசலி. ஆ, இவள் பக்கத்து வீடு. கிளமென்ற்றின்ர தமையன். இது ஆர், சிமோன் கிழவியோ? அவவுக்குமோ?" வரிசையின் கடைசியில் நின்று திரும்பினார். "ஐவி, என்ர கடைக்கு வாற சனம் முழுக்க இஞ்ச வரிசையில நிக்குது!"

அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். மிஸ் ஐவி சிரிக்கவில்லை.

"உனக்கு ஒரு பகிடி தெரியுமோ?" என்று அக்னெஸ் என்னிடம் சொன்னார். "கிறிஸ்மஸ் வந்தா தெருவில இருக்கிற எல்லா வீட்டாலையும் எனக்குப் பேணியில அரிசி கொண்டந்து தருவினம். பின்னால என்ர அரிசி மூட்டை அப்பிடியே கிடக்கும், முன்னால எனக்கு அரிசி வரும். அரிசிக் கடைக்காரிக்கு அரிசி!"

மத்தியானம் பின் அறையில் சாப்பிடும்போது அவர் பகிடி விடவில்லை. நான் எழும்பப் பார்த்தேன். மிஸ் ஐவி இரு என்று கையைக் காட்டினார்.

"கிறிஸ்மசுக்குச் சாமான் இறக்கிறதோ விடுறதோ எண்டு நான் இப்ப முடிவெடுக்கவேணும்," என்றார் அக்னெஸ். "போன வருசம் இறக்கின அரிசியில வண்டு. எண்ணெய் அப்பிடியே கிடக்குது. நீ உடுப்பு அனுப்பு, சப்பாத்து அனுப்பு, மருந்து அனுப்பு. சாப்பாட்டை எனக்கு விடு."

"நான் அனுப்பாட்டி மற்ற டிப்போவுக்குப் போயிடுவினம்."

"போறவை போகட்டும். என்ர அக்கா அனுப்பக்கூடாது. இந்தக் கிறிஸ்மசும் இப்பிடிப் போனா நான் அப்பான்ர கதவைச் சாத்துவன்."

"உன்ர கடைக்கு என்ர பரல் மட்டுமே பிரச்சினை? எல்லாரும் பட்டணத்துக்கு வான் வண்டியில போய் வாங்கீனம் எண்டு நீதானே சொன்னனீ?"

"வானையும் மறிக்கத்தான் விருப்பம். வான்காரன் என்ர அக்கா இல்லையே."

மிஸ் ஐவி அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் கட்டினார். போர்ட் செலினுக்கு அரிசி, சீனி, எண்ணெய், சவர்க்காரம் ஏற்க மாட்டோம். ஏற்கெனவே பீப்பாய்க்குள் போட்டிருந்ததையும் எடுத்துச் சொந்தக்காரரிடம் கொடுக்கச் சொன்னார்.

"நீ சொல்லு," என்றார் என்னிடம். "என்னோட வாதாடுவினம். உன்னோட மாட்டினம்."

நான் ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவள். பஸ்ஸில் மணி அடிக்கக்கூட யோசிப்பேன். அன்று முழுக்க அரிசிப் பைகளை வெளியே எடுத்துக்கொண்டே, நாளைக்குச் சொல்ல வேண்டியதை இங்கிலிஷில் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

பீப்பாய் ஏற்றி இறக்கும் வான் ஓடியவர் தேவன் அண்ணை, யாழ்ப்பாணம். செவ்வாய்க்கிழமைகளில் றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போய்விட்டு நெற்றியில் திருநீற்றோடு வருவார். மட்டையை வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"சரியான வேலை தங்கச்சி. நான் தம்பிக்கு வள்ளத்துக்கு மெசின் வாங்கக் காசு அனுப்பினன். மாசா மாசமும் அனுப்பினன். இப்ப அவன் கடலுக்குப் போறதே இல்லை. அண்ணை அனுப்புறார்தானே எண்டு இருக்கிறான்."

"அப்ப நிப்பாட்டுறதுதானே அண்ணை?"

"நிப்பாட்டினா அவன்ர பிள்ளையள் என்னத்தைத் தின்கிறது?"

"அப்ப உந்த மட்டை பிழையோ?"

"சரியெண்டுதானே சொன்னனான்" என்று சொல்லிவிட்டு வானுக்குள் ஏறினார்.

சனிக்கிழமை வந்தது. முதலில் வந்த கிளமென்ற் மட்டையை வாசித்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். "அக்னெஸ் வந்திருக்கிறா எண்டு கேள்விப்பட்டனான்" என்றார். பிறகு தன் பீப்பாயை அப்படியே உருட்டிக்கொண்டு மற்ற டிப்போவுக்குப் போனார். தேவன் அண்ணைதான் அதை ஏற்றிக் கொடுத்தார். இன்னும் சிலர் போனார்கள். சிலர் என்னை ஏசினார்கள். என்ன சொல்லி ஏசினார்கள் என்று எனக்கு முழுக்க விளங்காதது நல்லதாகப் போயிற்று.

பின்னேரம் மிஸ் தியடோரா வந்தார். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. வேலை உடுப்போடு, நடக்க முடியாமல் நடந்து வந்தார். அவருடைய மகள்தான் றோசலி, அக்னெஸின் பக்கத்து வீட்டுக்காரி. மகளைச் சின்னதில் ஊரில் விட்டுவிட்டு இங்கே வந்தவர். பிறகு கூப்பிடச் சரிவரவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு பீப்பாய். அந்த வருடம் யூனில் இருந்து சேர்த்துக்கொண்டிருந்தார்.

கோயிலுக்குப் போட ஒரு தொப்பி வாங்கி வந்திருந்தார், மகளுக்கு. கடைசியாக மேலே வைக்க வேண்டும் என்றார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு முன்னால் அவரே மூடியை இறுக்கும் வளையத்தைத் தளர்த்தி அதைத் தூக்கிவிட்டார்.

அரிசி எடுத்த இடத்தில் நான் துவாய்களும் பிள்ளைகளின் சப்பாத்துகளும் இறுக்கி அடுக்கியிருந்தேன். ஆட்டினால் சத்தம் வராது. ஆனால் கை பழகியிருந்தது. எல்லாம் முடிந்ததும் எப்போதும் போல மேலே அந்தப் பேணியை வைத்திருந்தேன்.

தியடோரா பேணியைக் கையில் எடுத்தார். உள்ளே பார்த்தார். பிறகு பீப்பாய்க்குள் கையை விட்டு அளைந்தார்.

"அரிசி எங்க?"

மனதுக்குள் பழகின இங்கிலிஷ் முழுக்க எங்கேயோ போய்விட்டது. மூலையில் அவருடைய அரிசிப் பைகள் இருந்த இடத்தைக் காட்டினேன்.

"அரிசியை எடுத்துப்போட்டுப் பேணியை வைச்சனியோ?" அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "வெறும் பேணியோ? என்ர பிள்ளை இதைத் தூக்கிக்கொண்டு ஆரின்ர கதவைத் தட்டுறது? பிச்சைக்கு வந்திருக்கிறாள் எண்டெல்லோ நினைப்பினம்."

மிஸ் ஐவி வந்தார். தொப்பி சரியாக இருந்தது, குரல் சரியாக இல்லை. "தியடோரா, நீ காசை அனுப்பு. றோசலி அக்னெஸிட்ட அரிசி வாங்கட்டும். அதே அரிசிதான்."

"கடையில வாங்கின அரிசியை அள்ளிக் குடுக்கிறதோ? அந்தத் தெருவில ஆருக்குத் தெரியாது? தாய் ஒண்டும் அனுப்பேல்லை, கந்தல்தான் அனுப்பினவள் எண்டு கதைப்பினம். அவளை விட்டிட்டு வந்தனான், ஐவி. வருசத்தில ஒருநாள் அவள் என்ர கையால தெருவுக்குக் குடுக்கிறாள்."

பேணியைப் பிடித்தபடியே அரிசிப் பைகளுக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். மிஸ் ஐவி மட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் நின்றதை அன்றுதான் கண்டேன்.

பின் அறைக் கதவில் அக்னெஸ் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. கோட்டைக் கழற்றி ஒரு பீப்பாயின் மேல் போட்டார். நேரே வந்து, தியடோராவின் பீப்பாய்க்குள் இருந்த துவாய்களை வெளியே எடுக்கத் தொடங்கினார்.

"எழும்பு தியடோரா. நீ அரிசிக்கு மேல இருக்கிறாய்."

தியடோரா எழும்பினார். அக்னெஸ் ஒவ்வொரு பையாக எடுத்து உள்ளே வைத்தார். கடைக்காரியின் கை, பையைத் தூக்கும்போதே நிறை பார்த்தது. பாதியில் என்னிடம் திரும்பினார்.

"சவுக்காரம் எங்க வைச்சனீ?"

"வெளியில எடுத்திட்டன்."

"கொண்டா. துவாயில சுத்து. இன்னும் ரெண்டு சுத்து. அந்தப் பிள்ளைக்குச் சவுக்கார வாசம் எண்டாத் தலையிடி."

எண்ணெயும் போனது. சீனியும் போனது. மூன்று பேரும் நின்று பார்த்தோம். எல்லாம் முடிந்ததும் தியடோராவின் கையிலிருந்த பேணியை வாங்கி மேலே வைத்தார். அதன் மேல் அந்தத் தொப்பியைக் கவிழ்த்து வைத்தார்.

"ஐவி, உந்த மட்டையைக் கழட்டு."

"கடை?"

"றோசலிக்கு நான்தான் முதல் வீடு. பரல் திறந்த உடன எனக்குத்தான் கொண்டருவாள். அவள் வெறுங்கையோட வந்து நிண்டா நான் முகத்தை எங்க வைக்கிறது?"

"அப்ப கடை, அக்னெஸ்?"

அக்னெஸ் மூடியைத் தூக்கிப் பீப்பாயின் மேல் வைத்தார். தியடோரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நன்றி சொல்லுவார் என்று நான் நினைத்தேன்.

"அக்னெஸ், உனக்கு நீட்டு அரிசியோ கட்டை அரிசியோ விருப்பம்? றோசலிக்குச் சொல்லிவிடுறன்."

"நீட்டு," என்றார் அக்னெஸ். "போன வருசம் கட்டை தந்தவள்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மிஸ் ஐவி போய் மட்டையைக் கழற்றினார். மாலையில் தேத்தண்ணி போடும்போது நான் துணிந்து அக்னெஸிடம் கேட்டேன். கடையைக் காப்பாற்றத்தானே வந்தீர்கள், பிறகு ஏன் என்று. எனக்குச் சரியாகக் கேட்கத் தெரியவில்லை. அவருக்கு விளங்கியது.

"உனக்கு விளங்கேல்லையோ?"

"இல்லை."

"எனக்கும்தான்," என்றார். "சீனி இன்னும் கொஞ்சம் போடு."

கிறிஸ்மஸ் முடிந்து சில கிழமைகளில் அக்னெஸ் கடையைப் பூட்டினார். மிஸ் ஐவி அதை எனக்குச் சொன்னபோது பனி கொட்டுகிறது என்று சொல்வது போலச் சொன்னார். அதற்குப் பிறகு நடந்தவையும் எனக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தன. கடை இருந்தபோது அதை யாரும் நினைக்கவில்லை. பூட்டிய பிறகு ஊரிலிருந்து எல்லாருக்கும் ரெலிபோன் வந்தது. நெருப்புப்பெட்டி அனுப்பு, மண்ணெண்ணெய் அனுப்பு. இரண்டையும் கப்பல்காரர் ஏற்கமாட்டார்கள். ஒரு நெருப்புப்பெட்டிக்காக அரைநாள் மினக்கெட்டுப் பட்டணம் போய் வந்தார்களாம். பீப்பாய்கள் முதலில் கூடின. பிறகு பழைய வாடிக்கையாளர் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் போனை அமத்திக் காசு அனுப்பினார்கள். அந்தக் காசை எடுக்கவும் ஊரார் பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். அக்னெஸின் கடை அப்போது இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிப்பேன். யோசித்து முடிவதில்லை. கடையைப் பூட்டியது எங்கள் அரிசியா, பட்டணத்து வானா, வராமல் போன வாழைக்காய்க் கப்பலா என்று தேவன் அண்ணையோடு பலதரம் கதைத்திருக்கிறேன். அவர் ஒவ்வொரு தரமும் வேறு பதில் சொல்லுவார்.

கடைசியில் மிஸ் ஐவிக்கும் வயது போனது, எனக்கும் முழங்கால் விட்டுவிட்டது. போன இலையுதிர்காலத்தோடு டிப்போவை மூடுவது என்று முடிவாயிற்று. கடைசி நாளில் எல்லாப் பீப்பாய்களும் போய்விட்டன. நான் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். மிஸ் ஐவி புதுப் பீப்பாய் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார்.

"எழுது" என்று கறுப்பு மாக்கரைத் தந்தார். "அக்னெஸ்."

நான் அவரைப் பார்த்தேன். அத்தனை வருடத்தில் அவர் தன் தங்கைக்கு ஒரு பீப்பாய் கூட அனுப்பியதில்லை. கடைக்காரிக்குப் பீப்பாய் அனுப்புவது அவமானம். கடை பூட்டிய பிறகும் அவர் அனுப்பவில்லை, அக்னெஸும் கேட்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை கேட்டவள்," என்றார் மிஸ் ஐவி. "கடைக்காரியா இருக்கேக்க பேணி அரிசியை வாங்கினாக் காணும். பதிலுக்குப் பிள்ளையளுக்கு இனிப்புக் குடுத்தாச் சரி. இப்ப எல்லாரும் குடுக்கீனம், தன்னட்டத் திருப்பிக் குடுக்க ஒண்டும் இல்லையாம். அரிசி வேணுமாம்."

"நீட்டோ?"

"நீட்டு."

அவர் வாங்கி வைத்திருந்த சாமானை நான் அடுக்கினேன். நேரம் எடுத்து அடுக்கினேன். சவர்க்காரத்துக்கு நான்கு சுற்றுத் துவாய் சுற்றினேன். மேலே பேணியை வைத்தேன். டிப்போவில் மிஞ்சியிருந்த பேணி அதுதான். மூடி போட்டு வளையத்தை இறுக்கினேன். மிஸ் ஐவி தொப்பியைக் கழற்றி என் கையில் தந்தார். பீப்பாயில் காதை வைத்து ஆட்டினார். நிறுத்தினார். காதை எடுக்கவில்லை. அப்படியே நின்றார்.

"சத்தம் கேக்குதோ?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார். ஆனாலும் எடுக்கவில்லை.

அவர் தொப்பியைத் திருப்பி வாங்க மறந்துவிட்டார். நானும் கொடுக்க மறந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் தேவன் அண்ணை வந்து பீப்பாயை வானில் ஏற்றிக்கொண்டு போனார். அன்று மழை, எனக்கு வேலை இல்லாத முதல் நாள். நான் வீட்டில் நின்று உடுப்புத் தோய்த்தேன்.